எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை

பிப்ரவரி 14, சனி

சென்னை ரயில் தாமதம். ஹெர்பர்ட்டும் பிரின்ஸியும் வந்து சேர்ந்தபோது ஆப்பம் ஆறிவிட்டது. வேலைக்காரி சுயம்புவை மறுபடி ஊற்றச் சொன்னேன். மகனே ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன் விருந்தாளிதான். விருந்தாளிக்கு ஆறிய ஆப்பம் வைக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வராதவர்கள் பிப்ரவரியில் ஏன் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. "சும்மா உங்கள பாக்கணும்போல இருந்துச்சு மம்மி," என்று ஹெர்பர்ட்டே சொன்னான். சொல்லும்போது கூரையைப் பார்த்தான். கூரையில் ஒட்டடை கிடையாது.

சாப்பாட்டுக்குப் பிறகு பிரின்ஸி தன் பையிலிருந்து சில தாள்களை எடுத்தாள். என் மருமகள் ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். வருகிறவர்களின் குணத்தை அளக்க இந்தக் கேள்விகளைத்தான் கொடுப்பார்களாம்.

"மனுஷனோட குணம் மொத்தமே அஞ்சுதான் மாமி. ஒழுங்கு, இணக்கம், கூடிப் பழகுறது, புதுச ஏத்துக்கிறது, மனசு அலைபாயுறது. இந்த அஞ்சும் எவ்வளவுன்னு தெரிஞ்சா நாம யாருன்னு தெரிஞ்சுரும்."

"எழுபத்தெட்டு வயசுல நான் யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கியா?"

"அய்யோ, ஜாலிக்குத்தான் மாமி. வீட்ல எல்லாரும் பண்ணிட்டோம். இவரு இணக்கத்துல தொண்ணூறு."

"அது அவங்க அப்பா வழி," என்றேன்.

கட்டிலில் சாய்ந்துகொண்டே டிக் போடலாம் என்றாள். பரீட்சையைப் படுத்துக்கொண்டு எழுதுகிற காலம் வந்திருக்கிறது. நாளை பூசைக்குப் பிறகு மேஜையில் உட்கார்ந்து பேனாவால் எழுதுவேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

புதிய சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். பாராட்ட வேண்டும்.

வந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டங்கள்: எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை.

கான்வென்ட் போர்டிங்கில் இரவு ஜெபத்துக்கு முன் நாங்கள் வரிசையாக முழந்தாளிட்டு ஆத்தும சோதனை செய்வோம். மதர் கிளெமென்ஷியா ஒவ்வொருத்தியாகக் கேட்பார். பொய் சொன்னாயா? கோபப்பட்டாயா? யாராவது "சில சமயம், மதர்" என்று இழுத்தால் தீர்ந்தது. ஒருமுறை செய்தவள் செய்தவள்தான் என்பார். சில சமயம் என்பது கோழை ஒளிந்துகொள்ளும் இடம் என்பார். மாதக் கடைசியில் நன்னடத்தை அட்டையை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். முழு மதிப்பெண் பெற்றவளுக்கு நீல ரிப்பன். பள்ளியை விட்டு வரும்வரை அந்த ரிப்பன் என் தோளிலிருந்து இறங்கியதில்லை.

ஆகவே நடுக்கட்டத்தை முழுவதும் வெறுமையாக விட்டேன்.

பொருள்களை வைத்த இடம் மறந்துபோகிறதா? போன மழைக்காலத்தில் மூக்குக் கண்ணாடியை வெண்ணெயோடு ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டேன். எப்போதும். அடுப்பை அணைக்க மறந்ததுண்டா? ஹெர்பர்ட் சிறுவனாய் அம்மை போட்டுப் படுத்திருந்த வாரம் பால்சட்டி கரிந்தது. எப்போதும். பிறர் உங்களுக்கு எதிராகப் பேசிக்கொள்வதாகத் தோன்றியதுண்டா? மாதா சபைத் தேர்தலின்போது தோன்றியது. பேசினார்கள் என்பதும் உண்மை. எப்போதும். தனியாக இருக்கப் பயமா?

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். என் கணவர் வால்டரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய இரவு. அந்த ஒரே இரவு.

எப்போதும்.

யாரும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்திட்டேன். அதுதான் முறை. பிரின்ஸி புரட்டிப் பார்த்துவிட்டு ஹெர்பர்ட்டிடம் நீட்டினாள். அவன் நெடுநேரம் படித்தான்.

"இத்தன 'எப்போதும்'ஆ மம்மி?"

"பொய் எழுதச் சொல்லுதியா?"

"இல்ல, இல்ல." தாள்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். கொண்டுவந்தவளின் பை பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

நேர்மைக்கு எத்தனை மதிப்பெண் தருகிறார்கள் என்று பார்ப்போம்.

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். ஒருவேளை உணவு. ஹெர்பர்ட் போன் செய்தான். நேற்றும் செய்தான். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் அழைக்கிறவன். அடுப்பை அணைத்துவிட்டேனா என்று கேட்டான். தவக்காலத்தில் பிள்ளைகளுக்குப் பாசம் பெருகுவது நல்லதே.

பிப்ரவரி 25, புதன்

முடிவு கூரியரில் வந்தது. ஐந்து குணங்களுக்கு ஐந்து வண்ணப் பட்டைகள். ஒழுங்கு: நூற்றுக்குப் பதினெட்டு. மனம் அலைபாய்தல்: தொண்ணூற்றாறு. கீழே ஒரு பத்தி. "இவர் அன்றாடக் காரியங்களை ஒழுங்காகச் செய்ய இயலாதவர். மறதியும் சந்தேகமும் மிகுந்தவர். தனிமையை அஞ்சுபவர். எந்நேரமும் பிறர் துணை தேவைப்படும்."

இப்படி ஒருத்தியை என் வீட்டில் மேஜை துடைக்கக்கூட வைத்துக்கொள்ள மாட்டேன்.

விடைகளை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். பிரின்ஸி நகல் அனுப்பியிருந்தாள். கணக்கில் பிழை இல்லை. பெண்தான் வேறு யாரோ.

சுயம்பு எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, ஒழுங்குல நீங்களே பதினெட்டுன்னா என்னைய எங்க வைப்பாவ? பாதாளத்துலயா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தேய்த்த சட்டியின் விளிம்பில் எண்ணெய் இருந்தது. மறுபடி தேய்க்கச் சொன்னேன்.

மதிப்பெண் குறைந்தால் முகம் சுருங்கக்கூடாது என்று ஹெர்பர்ட்டுக்குச் சொல்லி வளர்த்தவள் நான். ஹாஸ்டலிலிருந்து அவன் எழுதும் கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தி, மதிப்பெண் போட்டு, அவனுக்கே திருப்பி அனுப்புவேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டான். படிப்புச் சுமை.

மார்ச் 2, திங்கள்

காலையில் காபி போட லைட்டரைத் தேடினேன். இல்லை. தீப்பெட்டியும் இல்லை. கொக்கியில்தான் மாட்டினேன், எனக்குத் தெரியும். ஆனாலும் ஃபிரிஜ்ஜைத் திறந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

சுயம்பு வந்ததும் தன் முந்தானை முடிச்சிலிருந்து லைட்டரை எடுத்தாள். "கோவிக்காதீங்கம்மா. ஹெர்பர்ட் அண்ணாச்சி போன்ல சொல்லிட்டாவ, சாயங்காலம் வீட்டுக்குப் போகையில கையோட கொண்டு போயிரணுமாம். நீங்க அடுப்ப அணைக்காம மறந்துருதீயளாம்."

"நீ எத்தன வருசமா இங்க வேல பாக்க? ஒருநாளாவது மறந்திருக்கேனா?"

"நான் சொன்னேம்மா. அம்மா கைப்பட எழுதிக் கொடுத்திருக்காங்க, ஒனக்குத் தெரியாதுன்னுட்டாவ."

ஹெர்பர்ட்டை அழைத்தேன். என் வீட்டில் நான் காபி போட யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றேன். குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

"பாத்தீங்களா மம்மி, இந்தக் கோவம். இதுவும் அதுல போட்டிருக்கு."

"எதுல?"

"ரிப்போர்ட்ல."

போனை வைத்தேன். நான் எதைப் பேசினாலும் ரிப்போர்ட்டில் ஏற்கெனவே இருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து டெல்ஃபின் மச்சாது என் வீட்டுக்கு வந்தாள். போர்டிங்கில் என் பக்கத்துக் கட்டில்காரி. ஒருமுறைகூட ரிப்பன் வாங்காதவள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டேன். விடைகளைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் சாஸரில் தளும்பியது.

"ஏட்டி ஹில்டா, கம்பெனிக்காரன் கேள்வியில போயி ஆத்தும சோதனை செஞ்சியா? இதுல எல்லாரும் நல்ல கட்டமா பாத்துத்தான் டிக் போடுவாங்க. எம்பேத்தி சொன்னா, நான் ஒழுங்குல தொண்ணூத்தஞ்சு!"

"நீயா? ஒன் அலமாரியத் தொறந்தா துணியெல்லாம் மேல விழும்."

"அதத்தான் சொல்லுதேன்." சிரிப்பை நிறுத்தினாள். "ஹெர்பர்ட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு. நான் மதர் கேக்குற மாதிரி நெனச்சு எழுதிட்டேன், ஒருக்கா நடந்ததுக்கெல்லாம் எப்போதும்னு போட்டுட்டேன்னு. ஒரு வரிதான். சொன்னா முடிஞ்சுது."

"எழுதினதுக்கு விளக்கம் சொல்லுதது சாக்குச் சொல்லுதது."

"சாக்குன்னே வச்சுக்கோ. நீ இந்த வீட்ல இருக்கணுமா வேண்டாமா?"

"என்ன பேச்சு இது?"

"தனியா இருக்கப் பயம்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க. கடலப் பாத்த வீடு. அவன் ஒண்ணும் சின்னப்பிள்ள இல்ல ஹில்டா."

என் மகனைப் பற்றி என் மேஜையில் இருந்துகொண்டு அப்படிப் பேச வேண்டாம் என்றேன். அவள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். கொண்டுவந்த மக்ரூன் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது. நோன்பு நாளில் மக்ரூன் கொண்டு வருகிறவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் 9, திங்கள்

பெயிண்ட் அடிக்க அளவெடுக்கவென்று ஹெர்பர்ட் ஒரு ஆளை அனுப்பினான். அவர் அறைகளுக்குள் வரவே இல்லை. காம்பவுண்டு மூலையிலிருந்து மூலைக்கும், கேட்டிலிருந்து ரோட்டுக்கும் டேப் பிடித்தார். காம்பவுண்டுக்கும் அடிக்கப்போகிறான் போலும்.

மார்ச் 11, புதன்

வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. படுத்தேன். மறுபடி எழுந்து பார்த்தேன். முன்பெல்லாம் பூட்டிய கையோடு மறந்துவிடுவேன். அதுதான் ஒழுங்கு என்பதே.

காய்கறி வாங்கும்போது சுயம்புவும் எதிர்வீட்டுப் பெண்ணும் பேசுவதை நிறுத்தினார்கள். என்னைப் பற்றியா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதுவும் தொண்ணூற்றாறில் சேரும்.

மார்ச் 14, சனி

ஹெர்பர்ட், பிரின்ஸி, கூட ஒரு டாக்டர். ஹெர்பர்ட்டின் நண்பராம். நல்ல ஷூ. வாசலில் கழற்றவில்லை.

இன்று என்ன தேதி, என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். வரிசை மாறாமல் சொன்னேன்.

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு ஹெர்பர்ட்."

"நல்ல நாளும் இருக்கும், மோசமான நாளும் இருக்கும்ல டாக்டர். அவங்களே எழுதியிருக்காங்களே." தாள்களை நீட்டினான். மடிப்புகள் தேய்ந்திருந்தன. பலமுறை பிரித்து மடித்திருக்கிறான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நீங்க எழுதினதாம்மா?"

"கையெழுத்து இருக்கே."

"வயசானவங்க நிறைய பேரு இதுல கொஞ்சம் கூடக்கொறச்சுப் போட்டுருவாங்க. கேள்விய வேற மாதிரி புரிஞ்சுக்குவாங்க. நீங்களும் அப்படிப் போட்டிருந்தா சொல்லுங்க. வேற தாள் தர்றேன், திரும்ப எழுதலாம்."

பிரின்ஸி செல்போனைத் தடவுவதை நிறுத்தினாள். ஹெர்பர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். டெல்ஃபின் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வரி என் நாக்கின் நுனியில் இருந்தது.

வயதானவர்கள் நிறைய பேர். அந்தக் கும்பலில் என்னையும் நிறுத்திவிட்டு, கருணையோடு வேறு பார்க்கிறார்.

"நான் கூட்டியும் போடல, கொறச்சும் போடல," என்றேன்.

"அப்ப எல்லாமே உண்மைதானா?"

"கையெழுத்துப் போட்டத மாத்துற வழக்கம் எனக்கில்ல, டாக்டர்."

அவர் எதையோ எழுதினார். ஹெர்பர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

டாக்டர் போன பிறகு அவன் மேஜையின் அந்தப் பக்கம் நின்றபடியே பேசினான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. விடுமுறைக்கு வரும்போது ரேங்க் அட்டையை வைத்துவிட்டு அங்கேதான் நிற்பான்.

"மூணு வாரம் மட்டும் மம்மி. நல்ல இடம், சுத்தமா இருக்கும், நம்ம ஆளுங்கதான் நடத்துறாங்க. அதுக்குள்ள இங்க பெயிண்ட் வேலைய முடிச்சிரலாம். ஈஸ்டருக்கு நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

"எனக்கு என்ன கொறச்சல்னு போகணும்?"

"மார்க்க பாத்துத்தான் மம்மி சொல்றேன். மார்க் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"என்னைய யாரும் அனுப்ப வேண்டாம்," என்றேன். "நானே போறேன்."

மார்ச் 19, வியாழன், சூசையப்பர் திருநாள்

பெட்டி ஒன்று. சேலை, ஜெபமாலை, பேனா, மைப்புட்டி, இந்த டைரி. வால்டரின் படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரத்துக்கு எதற்கு?

அலமாரிகளைப் பூட்டினேன். ஒருமுறைதான் சரிபார்த்தேன்.

"சனிக்கிழமை தோறும் வந்து பெருக்கித் தொடச்சு வையி," என்று சுயம்புவிடம் சொன்னேன்.

"சாவி அண்ணாச்சி வாங்கிட்டாவளேம்மா. நான் எப்படி உள்ள போவேன்?" அழுதாள். தெருவில் நின்று அழுவது நன்றாக இல்லை என்று சொல்லி அவளை உள்ளே போகச் சொன்னேன். பிறகுதான் அவள் எந்த உள்ளே போவாள் என்று தோன்றியது.

மார்ச் 20, வெள்ளி

நேற்று தூத்துக்குடியிலிருந்து தெற்கே கார் நெடுநேரம் போனது. கடைசியில் தேரிக்காடு. சிவப்பு மணல், பனைகள், அதற்கு நடுவில் இந்த இல்லம். காற்று அடிக்கும்போது ஜன்னல் கட்டையில் சிவப்பாகப் படிகிறது. காலையில் துடைத்தேன். மதியம் மறுபடி படிந்திருந்தது.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறார்கள். "ஹில்டா மோத்தா. மறதி. சந்தேகம். கோபம். அடுப்பருகே விட வேண்டாம். தனியாக விட வேண்டாம்." எல்லாரும் வாசிக்கும் உயரத்தில் இருக்கிறது.

வார்டன் கிறிஸ்டபெல் சேர்க்கைப் படிவம் கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கடைசிக் கேள்வி: நான் என் விருப்பத்தின் பேரில் இங்கே இருக்கிறேன். அதே மூன்று கட்டங்கள்.

நானே போகிறேன் என்று சொன்னவள் நான். மதியச் சாப்பாடு முழுவதும் யோசித்தேன். முழந்தாளிட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதையே எழுதினேன். ஒருபோதும் இல்லை. பேனாவால் அழுத்திப் போட்டேன்.

என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், ஹெர்பர்ட்டை அழைப்பார்கள் என்று நினைத்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பரவால்ல ஆன்ட்டி. முதல்ல எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க. அடுத்த மாசம் திரும்பத் தருவோம்."

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பக்கத்துக் கட்டில் லூர்தம்மாள் மாலையில் தோட்டத்தில் உட்காருகிறாள். நானும் வருகிறேன் என்று எழுந்தேன். ஆயா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க ஃபாரத்துல கடைசிக் கேள்விக்கு என்ன போட்டீங்க?" என்று லூர்தம்மாள் கேட்டாள். சொன்னேன். "நான் 'எப்போதும்'க்கு மாறி ரெண்டு வருசமாச்சு. தோட்டம், போன், ஞாயித்துக்கிழமை மீன் எல்லாம் கிடைக்குது. சும்மா போட்டு வைங்க."

எத்தனை வருடமாக இங்கே என்று அவளைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

பெட்டியைக் காலையிலேயே கட்டி வைத்தேன். நல்ல சேலை. கேட்டைப் பார்க்கும் நாற்காலி கிடைத்தது. இரவுச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பண்டிகை நாளில் ரயில் டிக்கெட் கிடைத்திருக்காது.

ஏப்ரல் 13, திங்கள்

டெல்ஃபின் பஸ் பிடித்து வந்தாளாம். பார்வையாளர் பெயர்களில் அவள் பெயரை ஹெர்பர்ட் கொடுக்கவில்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். வாட்ச்மேனிடம் மக்ரூன் கொடுத்து ஒரு சேதி சொல்லியிருக்கிறாள்.

"ஒங்க வீட்டு முன்னால மண் லாரி நிக்குதாம் ஆச்சி. கூரய எறக்கிட்டாங்களாம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாவ."

கூரையை மாற்றுகிறான். சொல்லியிருக்கலாம். மழைக்காலத்துக்கு முன் செய்வது நல்லதுதான்.

மக்ரூன் உடையாமல் வந்திருந்தது. ஒன்று சாப்பிட்டேன். மீதியை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

பேனா காணவில்லை. மேஜை இழுப்பறையின் இடது மூலையில் வைத்தேன். மைப்புட்டியும் இல்லை.

"எங்கயாவது வச்சிருப்பீங்க ஆன்ட்டி," என்றாள் கிறிஸ்டபெல். அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

படிவத்தைத் திரும்பக் கொண்டுவந்திருந்தாள். கூடவே ஒரு பென்சில், பின்னால் ரப்பர் வைத்தது. "இதுல போடுங்க. மாத்தணும்னா அழிச்சுக்கலாம்."

அவளிடம் சொன்னேன். டாக்டரிடம் சொல்லாத அந்த ஒரு வரியைச் சொன்னேன். மதர் கேட்பதுபோல நினைத்து எழுதிவிட்டேன், ஒருமுறை நடந்ததற்கெல்லாம் எப்போதும் என்று போட்டுவிட்டேன் என்று. நின்றுகொண்டு, தெளிவாக, குரல் உயராமல் சொன்னேன். பழைய கேள்விகளைக் கொடுத்தால் இப்போதே திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் ஒங்க மகன்கிட்ட இருக்கு ஆன்ட்டி. இப்ப யாரும் கேக்கல." தோளைத் தட்டினாள். "இது ஒண்ணுதான் பாக்கி."

நான் என் விருப்பத்தின் பேரில் இங்கே இருக்கிறேன்.

ஜன்னலில் லூர்தம்மாள் தெரிந்தாள். தோட்டத்தில், வெயில் இறங்கும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வார்டனின் மேஜையில் போன் இருந்தது. டெல்ஃபின் வீட்டு எண் எனக்கு மனப்பாடம்.

சில சமயம் என்று போட்டேன்.

"பாத்தீங்களா, முன்னேற்றம்!" என்று கிறிஸ்டபெல் கை தட்டினாள். போன் கேட்டேன். அதற்கு 'எப்போதும்' வர வேண்டுமாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பென்சிலை மறந்து வைத்துவிட்டாள். இந்தப் பக்கத்தை அந்தப் பென்சிலால்தான் எழுதுகிறேன். கையெழுத்து மங்கலாக இருக்கிறது. விரல் பட்டால் கலைகிறது.